பழைய மியாட்டாவும் 165 திர்ஹம் கைப்பம்பும்: கூலிங் பிரஷர் டெஸ்டர், எட்டு மாத அனுபவம்

ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டி, கையால் காற்றடித்து, தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற பிரஷர் டெஸ்டர் கிட் பற்றிய ரிவ்யூ இது. ஷார்ஜாவில் ஒரு டூல்ஸ் கடையில் 165 திர்ஹத்துக்கு வாங்கினேன். பெட்டியின் மேல் பிராண்ட் பெயர் என்று எதுவும் இல்லை. ஒரு கைப்பம்பு, ஒரு மீட்டர், ஒரு ரப்பர் ஹோஸ், வண்டிக்கு வண்டி மாறுகிற பத்துப் பன்னிரண்டு அடாப்டர் மூடிகள், அவ்வளவுதான் உள்ளே. வண்டி சூடாகிறது என்று ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அடுத்த பாகத்துக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதை வாங்கிவிடுங்கள். நான் முதலில் பாகங்களை வாங்கிவிட்டுக் கடைசியில் இதை வாங்கினேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வண்டி 1995 மாடல் மஸ்தா எம்எக்ஸ்-5. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது, அங்கே மியாட்டா என்ற பெயரில் விற்றார்கள், நாங்களும் அப்படியே சொல்கிறோம். 1.8 லிட்டர் இன்ஜின், இரண்டு சீட், பட்டனை அழுத்தினால் எழுந்து நிற்கிற ஹெட்லைட். முப்பது வருடமாகிற வண்டியை 45 டிகிரி வெயிலில் ஏசி போட்டு ஓட்டலாமா என்று கேட்காத ஆள் இல்லை. ஓட்டலாம், கூலிங் ஒழுங்காக இருந்தால் தாராளமாக ஓட்டலாம்.

போன ஜூனில் தொடங்கியது. துபாயிலிருந்து சாயங்காலம் ஷேக் முகமது பின் சாயித் ரோட்டில் ஷார்ஜா பக்கம் வருகிறவர்களுக்கு அந்த டிராஃபிக் எப்படி என்று தெரியும். ஒரு மணி நேரம் ஊர்ந்து வருகிறபோது வெப்பமானி முள் நடுக்கோட்டைத் தாண்டி மெதுவாக ஏறியது. ஏசியை நிறுத்தினால் இறங்கும், போட்டால் ஏறும். வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தால் ஓவர்ஃப்ளோ டப்பா விளிம்பு வரை நிறைந்திருக்கும். காலையில் இன்ஜின் ஆறியபிறகு அந்தத் தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சியிருக்க வேண்டும், ஆனால் டப்பா அப்படியே நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் இரண்டு விரல் அளவு குறைந்திருக்கும். தரையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. இந்த இரண்டு அடையாளத்தையும் அன்றைக்கே நான் சரியாகப் படித்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முல்கியா, அதாவது வண்டிப் பதிவு அட்டை, புதுப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது, இன்ஜினில் ஒழுகல் இருந்தால் பாசிங் என்கிற வண்டிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. பக்கத்தில் இருந்த ஒரு கேரேஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். பானட்டைத் திறந்தார்கள், மூடியைக் கழற்றினார்கள், "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, நாலாயிரம் திர்ஹம் ஆகும்" என்றார்கள். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காருகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். எந்த டெஸ்டும் செய்யவில்லை. வேண்டாம் என்றதும், "அப்போ பின்னாடி போற ஹீட்டர் ஹோஸ் ரெண்டையும் அடைச்சு விட்டுடலாம், இந்த ஊர்ல ஹீட்டர் எதுக்கு" என்று இன்னொரு யோசனை. இன்ஜினின் சுடுதண்ணீரை வண்டிக்குள் இருக்கிற ஹீட்டருக்குக் கொண்டுபோகிற குழாய்கள் அவை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அது எவ்வளவு தப்பான யோசனை என்று பிறகுதான் தெரிந்தது, அதற்கு வருகிறேன்.

பிறகு நானே இறங்கினேன். அலுமினிய ரேடியேட்டர் வாங்கிப் போட்டேன், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடுகிற வால்வு) மாற்றினேன். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மணலும் பூச்சியும் அடையடையாக இருந்தது, அதையெல்லாம் கழுவி எடுத்தேன். ரேடியேட்டர் மாற்றியதில் வருத்தமில்லை, பழையதன் மேல் தொட்டி பிளாஸ்டிக், கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டிருந்தது, இந்த வண்டிகளில் அந்த நிறம் வந்தால் சீக்கிரம் விரிசல் விடும் என்று அர்த்தம். முந்தைய ஓனர் கழற்றிப் போட்ட அடித்தட்டையும், ஷார்ஜா பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து ஒன்று தேடி வாங்கி மாட்டினேன். அந்தத் தட்டு இல்லாவிட்டால் முன்பக்கம் நுழைகிற காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அடிவழியாக நழுவிவிடும், 120இல் ஓடும்போது முள் ஏறும். பார்த்தால் வெறும் பிளாஸ்டிக் தகடு, ஆனால் ஹைவேயில் அதுதான் பாதி வேலை பார்க்கிறது. நின்றால் சூடேறுகிறதா, ஓடினால் சூடேறுகிறதா என்று முதலில் பாருங்கள். நிற்கும்போது என்றால் ஃபேன் பக்கம், ஓடும்போது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் ஓட்டம், அடித்தட்டு.

ஃபேனைச் சோதிக்க இந்த வண்டியில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. இன்ஜின் அறையில் டயக்னோசிஸ் என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும், மூடியைத் திறந்து டிஎஃப்ஏ என்று போட்ட முனையையும் ஜிஎன்டி முனையையும் ஒரு ஒயரால் இணைத்து, இக்னிஷனைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். என்னுடையது சுற்றியது. எல்லாம் சரியாக இருக்கிறது, எல்லாம் புதுசாக இருக்கிறது, ஆனாலும் வாரம் அரை லிட்டர் தண்ணீர் எங்கேயோ போகிறது.

அப்போதுதான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கிற பாயைப் பார்த்தேன். கீழக்கரைக்காரர், பழைய ஜப்பான் வண்டிகளில் கை பழகியவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வண்டியைத் தொடவில்லை. "தம்பி, ஹெட் கேஸ்கெட்னு யாரு சொன்னது? டெஸ்ட் பண்ணிச் சொன்னாங்களா, பாத்துச் சொன்னாங்களா?" என்றார். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து நீலத் திரவம் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மேலே வருகிற காற்றை உறிஞ்சினார். கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிடம் பார்த்தோம், நீலம் நீலமாகவே இருந்தது. நாலாயிரம் திர்ஹம் வேலை அதோடு முடிந்தது. "ஒழுகுது தம்பி. பிரஷர்ல மட்டும் ஒழுகுது. பம்பு ஒண்ணு வாங்கிக்குங்க, உங்க வண்டிக்கு அது எப்பவும் வேணும்" என்றார். அவர் வைத்திருந்தது உடைந்துபோயிருந்தது, இல்லாவிட்டால் அவரே செய்திருப்பார்.

இனி கிட். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது கையை வேகவைத்துக்கொள்வதற்குச் சமம். மஸ்தாவின் மூடி சின்ன ஜப்பான் வகை, கிட்டில் அதற்குச் சரியான அடாப்டர் இருந்தது, ஆனால் வாஷர் காய்ந்த நிலையில் வைத்தால் ஓரமாகக் காற்று கசிகிறது, கூலன்ட்டில் நனைத்து வைத்தால் பிடித்துக்கொள்கிறது. இந்த வண்டி மூடி தாங்குகிற அழுத்தம் சுமார் 13 பிஎஸ்ஐ. மீட்டரில் 35 வரை கோடு இருக்கிறது என்பதற்காக அடித்துக்கொண்டே போகாதீர்கள், பழைய ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தருகிற குட்டி ரேடியேட்டர்) பிய்த்துக்கொண்டால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும். 13இல் நிறுத்தினேன்.

முள் அசையாமல் நிற்பதுபோலத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 11. இன்னும் பத்து நிமிடத்தில் 9. ரேடியேட்டர், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் பக்கம், எல்லாம் காய்ந்து கிடக்கிறது. மறுபடி 13க்கு ஏற்றிவிட்டு, போனில் டார்ச்சைப் போட்டு வீடியோவை ஓடவிட்டு, இன்ஜினின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கிற தகடு) நடுவில் இருக்கிற அந்தக் கையளவு இடைவெளியில் போனை விட்டு எடுத்தேன். வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஹெட்டின் பின்னாலிருந்து போகிற ஹீட்டர் ஹோஸின் வளைவில், எண்ணெய் படிந்து பளபளக்கிற கறுப்பு ரப்பரில், ஊசிமுனை அளவு பச்சைப் புள்ளி. கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, சொட்டாகத் தொங்கி, கீழே பெல்ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கிற கூடு) மேல் விழுகிறது. வண்டி ஓடும்போது பெல்ஹவுசிங் கொதிக்கிற சூட்டில் இருக்கும், விழுகிற சொட்டு தரைக்கு வருவதற்கு முன் ஆவியாகிவிடும். மூன்று மாதமாக நான் கார் பார்க்கிங் தரையில் தேடிக்கொண்டிருந்த ஈரம் அங்கேயே காய்ந்து போயிருக்கிறது.

அந்த எண்ணெய்தான் காரணம். இந்த இன்ஜினில் கேம் ஆங்கிள் சென்சார் ஹெட்டின் பின்புறம் இருக்கிறது, அதற்கு ஒரு ஓ-ரிங். வருடங்கள் போனால் அது பிளாஸ்டிக் வளையல் மாதிரி இறுகிவிடும், எண்ணெய் கசிந்து நேராக ஹீட்டர் ஹோஸ் மேல் சொட்டும், எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி இளகும். சில திர்ஹம் விலையுள்ள ஒரு வளையம் கெட்டதால் ஹோஸ் கெட்டு, ஹோஸ் கெட்டதால் இன்ஜின் சூடேறியிருக்கிறது. எண்ணெய்க் கசிவும் சூடாவதும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்திருந்தேன்.

கிட்டில் மூடியைச் சோதிக்கிற அடாப்டரும் உண்டு, தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். என் ரேடியேட்டர் மூடியை அதில் மாட்டி அடித்தால் 7இலேயே காற்றை விட்டுவிட்டது. அழுத்தம் இருந்தால்தான் தண்ணீரின் கொதிநிலை ஏறும், ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒன்றரை டிகிரிக்கு மேல். பாதி அழுத்தத்தில் மூடி திறந்தால் பத்து டிகிரி போய்விட்டது என்று கணக்கு. ஓவர்ஃப்ளோ டப்பா நிறைந்ததும் இதனால்தான். திரும்ப உறிஞ்சாததற்கு ஹோஸ் வழியாகக் காற்று உள்ளே போனதுதான் காரணம். புது ரேடியேட்டரோடு வந்த மூடி அது, பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஒரிஜினல் மூடி வாங்கினேன்.

ஹீட்டர் ஹோஸை அடைக்கச் சொன்ன கதைக்கு வருகிறேன். இந்த இன்ஜின் குடும்பம் முதலில் மஸ்தா 323 போன்ற முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் குறுக்காகப் படுத்திருந்தது. எம்எக்ஸ்-5இல் அதை நீளவாக்கில் திருப்பியபோது தண்ணீர் நுழைவதும் வெளியேறுவதும் இரண்டுமே முன்பக்கம் என்றாகிவிட்டது. அதனால் ஃபயர்வாலை ஒட்டியிருக்கிற நான்காவது சிலிண்டருக்குக் குறைவாகத்தான் தண்ணீர் ஓட்டம், பின்பக்கத்திலிருந்து வெளியேறுகிற வழி அந்த ஹீட்டர் ஹோஸ்தான். ரேஸ் ஓட்டுகிறவர்கள் தெர்மோஸ்டாட்டையே பின்னால் கொண்டுபோய் வைப்பது இதற்காகத்தான். ஹீட்டர் வழியை அடைத்திருந்தால் ஒழுகல் நின்றிருக்கும், முள்ளும் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்திருக்கும், நான்காவது சிலிண்டர் பக்கம் மெல்ல வெந்துகொண்டிருக்கும். பாயிடம் இதைச் சொன்னபோது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ஹீட்டர் ஊருக்கு இல்ல தம்பி, இன்ஜினுக்கு" என்றார்.

வேலையை அவரிடமே கொடுத்தேன். சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையில் கோடு போட்டுக்கொண்டார், கொஞ்சம் திரும்பினாலும் டைமிங், அதாவது ஸ்பார்க் விழுகிற நேரம், மாறிவிடும். ஓ-ரிங், பின்னாலுள்ள இரண்டு ஹோஸ், புது கிளிப்புகள். பிறகு டைமிங் லைட் வைத்து 10 டிகிரியில் சரிபார்த்தார். கூலன்ட் சுமார் ஆறு லிட்டர் பிடிக்கும், கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி. குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் சேர்ந்த இன்ஜினில் அது உள்ளேயே அரிக்கும். காற்று வெளியேற வண்டியின் மூக்கை உயர்த்தி, மூடி இல்லாமல், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டோம். ஆகஸ்ட் மாதம், ஷெட்டுக்குள். அவர் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளாமல் குமிழி வருவது நிற்கும் வரை பக்கத்தில் நின்றார். முடித்ததும் மறுபடி பம்பை மாட்டி 13க்கு ஏற்றினோம். அரை மணி நேரம் கழித்தும் 13. அந்த அரை மணி நேரம் நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாசிங் முடிந்தது. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை ராசல் கைமா போய் ஜெபல் ஜைஸ் மலைப்பாதையில் ஏற்றினேன். ஏசி போட்டபடி, பெரும்பாலும் மூன்றாவது கியரில். முள் நடுக்கோட்டிலேயே இருந்தது. கீழே இறங்கி வந்து ஆறவிட்டுப் பார்த்தால் டப்பாவில் பழைய கோட்டிலேயே தண்ணீர். மற்றபடி கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் ஒன்று கசிந்து மாற்றினேன், காலையில் டாப்பெட் கொஞ்ச நேரம் டிக்டிக் என்று சத்தம் போடும், இதெல்லாம் இந்த வண்டியோடு வருவது, பயப்பட ஒன்றுமில்லை.

கிட்டின் குறைகளும் சொல்ல வேண்டும். மீட்டரை என் டயர் கேஜோடு ஒப்பிட்டேன், ஒரு பிஎஸ்ஐ அதிகம் காட்டுகிறது. ஒழுகல் தேடுவதற்கு அது போதும், துல்லியம் வேண்டுமென்றால் போதாது. ஹோஸ் விறைப்பு, இடுக்கில் வளையாது. நான்காவது மாதம் பம்பின் கப்ளரில் (ஹோஸை மாட்டுகிற இணைப்பு) இருக்கிற ரப்பர் வளையம் கசிந்தது, அன்றைக்கு வண்டிதான் ஒழுகுகிறது என்று அரை நாள் வீணாகத் தேடினேன். அதனால் முதலில் பம்பை மட்டும் தனியாகப் பிடித்துச் சோதித்துவிட்டு வண்டியில் மாட்டுங்கள். டிக்கியில் வைத்திருந்த பெட்டியின் கொக்கி வெயிலில் பொடிந்துவிட்டது. அடாப்டர்களில் எது எந்த வண்டிக்கு என்று எழுதிய தாள் ஆங்கிலமும் சீனமும் கலந்து புரியாமல் இருக்கிறது, நிறத்தை வைத்து நானே எழுதி ஒட்டிக்கொண்டேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். கப்ளர் நன்றாக இருந்திருந்தால் ஐந்து. போன மாதம் பாய் ஒரு பழைய டொயோட்டா செலிக்காவுக்காக இரவல் கேட்டார். மாட்டிப் பத்து நிமிடத்தில் வாட்டர் பம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த வண்டிக்காரரிடமும் வேறொருவர் ஹெட் கேஸ்கெட் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தாராம்.