ஆற்றுப்பாசனமும் தேரிக்காடும்: தொழில் குறித்த இரு பார்வைகள்

திருநெல்வேலிச் சீமையில் சொந்தத் தொழில் பற்றிய எண்ணம் தண்ணீரைப் பொறுத்தே மாறியிருக்கிறது. அதைச் சாதியின் குணம் என்று சொல்லிக் கடந்துவிடுவது சோம்பேறித்தனம். தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் காரும் பிசானமும் என்று இரு போக நெல் விளைந்து குத்தகை நெல் வீடு வந்து சேர்ந்ததால், மிச்சப் பணம் பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு அனுப்பவும் பிறகு அரசு வேலைக்குத் தயார்செய்யவும் செலவாயிற்று. உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியிலோ பதனீர்க் காலம் முடிந்தால் பலருக்கு வருமானமும் முடிந்தது. ஊரைவிட்டுப் போய்க் கடை வைப்பது அங்கே வழக்கமான பிழைப்பாயிற்று.

தேரிப் பக்கத்து முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பையன் சென்னையிலோ மதுரையிலோ உறவினரின் பலசரக்குக் கடையில் சேர்ந்து, மூட்டை பிரிப்பது, பொட்டலம் மடிப்பது, பற்று நோட்டு எழுதுவது என்று பழகி, ஒருநாள் கல்லாவில் உட்காரும் அளவுக்கு நம்பிக்கை பெற்றபின், அதே உறவினர் கடனுக்கு இறக்கித் தரும் சரக்கோடு தனிக்கடை போடுவான். வங்கி கேட்கும் ஈடு அவனிடம் இராது. வேலை பார்த்த ஆண்டுகளே அவனுக்கு ஈடு. வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமை, பள்ளிக்கூடங்களாயிற்று. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

ஆற்றங்கரை முதலாளிகளைத் தரவில்லை என்பதும் சரியல்ல. 1949-இல் உற்பத்தியைத் தொடங்கிய தாழையூத்துச் சிமெண்ட் ஆலையின் நிறுவனர் சங்கரலிங்க ஐயர் கல்லிடைக்குறிச்சிக்காரர். ஆனால் அங்கே தொழிலில் இறங்கியவை பெரும்பாலும் நட்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய வீடுகள். நடுத்தர வீடு சம்பளத்தையே நம்பியது.

அரசின் கொள்கையையும் இரு பக்கமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. படித்தவர்கள் புதிதாகத் தொழில் தொடங்க 25 விழுக்காடு மானியம் தரும் தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டம் உற்பத்திக்கும் சேவைக்கும் உரியது, வியாபாரத்துக்கு அன்று. ஆகவே பட்டம் பெற்ற ஆற்றுப்பக்கத்துப் பிள்ளைக்கு அது பொருந்துகிற அளவுக்குக் கடைக்காரருக்குப் பொருந்துவதில்லை. அவருடைய கவலை ஜிஎஸ்டி: ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் விற்பனையில் 1 விழுக்காட்டை மட்டும் கட்டும் எளிய தொகுப்பு வரியோடு நிற்பதா, மேலே வளர்ந்து முழுக் கணக்குக்குள் போவதா என்பது. கங்கைகொண்டானிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டை ஒருவருக்கு வேலை வாய்ப்பு, மற்றவருக்குச் சரக்கு போடும் வாய்ப்பு.

கைமுதல் இல்லாதவருக்குத் தேரி முறையே மேல் என்பது என் கணிப்பு. தொழிலைக் கற்றுத் தந்த பிறகுதான் அது கடன் தருகிறது. ஆனால் அதன் கதவு உறவுக்காரப் பையன்களுக்கே எளிதில் திறக்கும். கடைக்கார உறவு இல்லாதவருக்கும், கல்லாவுக்கு அருகில் விடப்படாத பெண்களுக்கும், திட்ட அறிக்கையும் வங்கி மேலாளரின் கேள்விகளும் எவ்வளவு சலிப்பூட்டினாலும், நீட்ஸ் போன்ற திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் மாவட்டத் தொழில் மையத்தின் வழியே நடைமுறையில் மிஞ்சுகிறது.