'பயண செட்' வாங்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்

பேஸ்புக்கில் கொஞ்ச நாளாக ஒரு விளம்பரம் சுற்றுகிறது. கழுத்துத் தலையணை, கால் வீக்கத்துக்குச் சொக்ஸ், 50,000 என்று எழுதிய பவர் பாங்க், எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பிளக், பெட்டி நிறுக்கும் தூக்குத் தராசு, உடுப்பு அடுக்கும் பைகள். எல்லாம் சேர்த்து 8,900 ரூபா, சாமான் கைக்கு வந்த பிறகு காசு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஊர்ப்பெயர் போட்டே வருவதால் நம்ம பக்கத்துக் கடை என்றுதான் தோன்றும். அப்படி ஒரு கடையே கிடையாது. பக்கத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதியும் பிரயோசனமில்லை, பெயரை மாற்றி மாற்றித்தான் வருகிறார்கள். சாமானைப் பார்த்துத்தான் தப்ப வேண்டும்.

தோஹாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிற அம்மாவுக்கு ஒன்று, கிளினிக்குக்காக அடிக்கடி கொழும்பு போய்வரும் சின்னம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு செட் எடுத்தேன்.

முதலில் பவர் பாங்க். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையிலேயே அம்மாவுடையதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. பவர் பாங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது. அதுவும் 100 வாட் மணிக்குள் இருந்தால்தான் கேள்வியில்லாமல் விடுவார்கள். 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமானக் கொம்பனியின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். கணக்கு லேசானது: மேலே எழுதியிருக்கும் மில்லி அம்பியர் எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் பிரியுங்கள். 20,000 என்றால் 74 வாட் மணி, பயமில்லை. 50,000 என்றால் 185.

இதில் வேடிக்கை, உள்ளே அவ்வளவு இல்லவே இல்லை. சின்னம்மாவுடையது ஒரு போனைக்கூட முழுதாகச் சார்ஜ் பண்ணாததால், டவுனில் போன் திருத்தும் தம்பி ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்த்தோம். (நீங்களாக வீட்டில் பிரிக்க வேண்டாம். லித்தியம் பற்றரியில் ஏதாவது குத்தினால் தீப்பிடிக்கும்.) ஒரேயொரு உருளைப் பற்றரி, பக்கத்தில் பாரத்துக்காகப் பொலித்தீனில் சுற்றிய மணல். சின்னம்மா பார்த்துவிட்டு, "மண்ணுக்கா மகள் இவ்வளவு காசு குடுத்தாய்? நம்ம கல்லடிக் கடக்கரையில சும்மா கிடக்குதே" என்றா. அந்த அளவுப் பற்றரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 3,500ஐத் தாண்டுவது அரிது. உண்மையான 50,000 என்றால் பதினான்கு பதினைந்து பற்றரி வேண்டும். ஒன்று 45 கிராம் அளவில் வரும், அப்போ பற்றரி மட்டுமே 600 கிராமைத் தாண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமானில் அது நடக்காத காரியம். பொய்யாகப் பெரிய எண் போட்டதால் விமானத்திலும் ஏறவில்லை, உண்மையை எழுதியிருந்தால் ஏறியாவது இருக்கும்.

ஆனால் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது சொக்ஸில்தான். காசு போனால் போகட்டும், இது உடம்போடு விளையாடுகிற வேலை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். விளம்பரத்தில் 'சீனி வருத்தக்காரருக்கு விசேடமானது, டொக்டர்மார் சிபாரிசு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மாவை அனுப்பிவைக்க நானும் கொழும்பு வரைக்கும் போனேன். இரவு பஸ், ஹபரணை வரும்போதே கால் விறைக்கிறது என்று கழற்றிவிட்டா. முழங்காலுக்குக் கீழே இறப்பர் பட்டி பதிந்த சிவப்புத் தழும்பு விடியும்வரை போகவில்லை. சரியான அழுத்தச் சொக்ஸ் கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும், கீழே தேங்கும் இரத்தத்தை மேலே அனுப்புவதுதான் அதன் வேலை. இவர்கள் அனுப்பியது நேர்மாறு. கணுக்காலில் தொளதொள, மேல் விளிம்பில் கயிறு கட்டின மாதிரி.

சீனி வருத்தம் உள்ளவர்கள், காலில் இரத்தவோட்டம் குறைந்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் எந்த அழுத்தச் சொக்ஸும் போடக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் இறுகுவதே தெரியாமல் புண்ணாகிவிடும். மற்றவர்கள் வாங்குவதென்றால் பாமசியில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்து வாங்குங்கள். பெட்டியில் அழுத்தத்தின் அளவு இருக்கும். சாதாரணப் பயணத்துக்கு 15 தொடக்கம் 20 மில்லிமீற்றர் இரச அழுத்தம் என்பதே வழக்கம். அளவு எதுவும் எழுதாமல் 'எல்லாருக்கும் ஒரே சைஸ்' என்று இருந்தால் அது வெறும் இறுக்கமான சொக்ஸ். நம்ம பெண்கள் வழியில் கக்கூஸுக்குப் பயந்து இரவு பஸ்ஸில் தண்ணீரே குடிப்பதில்லை. அதை விட்டு, தண்ணீரும் குடித்து, பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடந்து, இருந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு போனாலே கால் வீக்கம் குறையும். அதற்குக் காசு தேவையில்லை.

தராசு இரண்டு கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி பாரம் கூடிவிட, கவுண்டருக்கு முன்னால் நிலத்தில் அதைத் திறந்து, கருவாடும் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் கொண்ட பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். எந்தத் தூக்குத் தராசு வாங்கினாலும் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டுப் பாருங்கள், கேனின் பாரத்தோடு ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். பிளக் தோஹாவுக்குத் தேவையே இல்லை, இங்கே புது வீடுகளில் இருக்கும் அதே சதுர மூன்று முள்தான் அங்கேயும். எந்த நாட்டுக்கு வாங்கினாலும் அது முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. தலையணைக்குள் ஸ்பொன்ஜ் துண்டுகள், மருந்து மணம் வேறு. அம்மா அதைப் பைக்குள் தள்ளிவிட்டு, கொண்டுவந்த மருதமுனைச் சாரத்தைச் சுருட்டிக் கழுத்துக்குக் கொடுத்து நித்திரையாகிவிட்டா. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், உடுப்பு அடுக்கும் பைகள் மட்டும் நல்லவை, சிப்பும் சரியாக ஓடுகிறது.

அப்புறம் தொடங்கியது வட்ஸ்அப் கதை. "கவலைப்படாதீங்க அக்கா, 7 நாளில மாத்தித் தாறம்" என்றார்கள். போட்டோ அனுப்பியதும், பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீங்களா என்று கேட்டார்கள். அந்த நிபந்தனை விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. பிறகு செட்டை முழுதாகத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், விமான நிலையத்தில் பறிபோன பவர் பாங்கும் சேர்த்து. கடைசியில் பிளொக். கூரியர்காரர்களைக் கேட்டால், பார்சலைக் கொடுத்துக் காசை வாங்குவது மட்டும்தான் தங்கள் வேலை என்கிறார்கள். 'கைக்கு வந்த பிறகு காசு' என்பதில் பாதுகாப்பு இருப்பதாகப் பலர் நம்புகிறோம். திறந்து பார்க்க விடாமல் வாங்கும் காசு முற்பணம்தான்.

இப்படியான பக்கங்களில் 'பக்க வெளிப்படைத்தன்மை' என்ற பகுதியைத் தட்டிப் பார்க்கலாம். எப்போது தொடங்கியது, முன்பு என்னென்ன பெயர் இருந்தது என்று பேஸ்புக்கே காட்டும். இவர்கள் அதற்கு முன்பு பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் விற்றிருக்கிறார்கள். பதிவுகளின் கீழே கருத்து எழுதவும் முடியாமல் அடைத்து வைத்திருந்தார்கள், அது ஒன்றே போதும்.

முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977க்கு அழைத்து விபரம் கேட்கலாம். நான் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், வட்ஸ்அப் உரையாடல், பார்சலில் ஒட்டியிருந்த கூரியர் துண்டு, மூன்றையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அனுப்பியவரைப் பற்றிக் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் துண்டுதான். இதே செட்டை வாங்கியவர்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேறு யாரும் இருந்தால் கூரியர் துண்டைக் கிழித்து எறிந்துவிடாமல், மூன்று மாதம் முடிய முதல் உங்கள் முறைப்பாட்டையும் கொடுங்கள்.