0டபிள்யூ-20 முதல் 20டபிள்யூ-40 வரை: நம் வெயிலுக்கு எந்த எஞ்சின் ஆயில்?

பெட்ரோல் காரை ஆயில் மாற்ற விடும்போது தமிழ்நாட்டு ஷெட்களில் பெரும்பாலும் கேட்கக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: “நம்ம ஊர் வெயிலுக்கு இந்தத் தண்ணி ஆயிலெல்லாம் தாங்காது சார், கொஞ்சம் கெட்டியா ஊத்திக்கலாம்.” கார்புரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-40 ஊற்றியே கை பழகியவர்கள் சொல்வது என்பதால் இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கையேட்டில் 0டபிள்யூ-20 என்று அச்சிட்டிருக்கும் இன்றைய காருக்கு அந்த அனுபவம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் கேனின் மேலுள்ள எண்களை வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அந்த எண்களை வரையறுப்பது வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் ஜே300 என்னும் தரநிலை. ‘டபிள்யூ’ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் வரும் எண், கடுங்குளிரில் எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கிறதா என்ற சோதனையின் விளைவு. 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூவை மைனஸ் 30-லும், 10டபிள்யூவை மைனஸ் 25-லும், 20டபிள்யூவை மைனஸ் 15-லும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியற்காலையில்கூட 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான சென்னையில் இந்த வெப்பநிலைகளுக்கு வேலையே இல்லை. ஆகவே பின் எண் ஒன்றாகவே இருக்கும்போது 0டபிள்யூவா 5டபிள்யூவா என்று நம் சமவெளிகளில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குளிர்காலத்தில் லடாக்கின் லே பக்கம் வண்டி எடுத்துச் செல்பவர்கள் மட்டும் 20டபிள்யூ ஆயிலை மறந்துவிடுவது நல்லது.

நாம் உற்றுப் பார்க்க வேண்டியது பின் எண்ணைத்தான். 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, சென்டிஸ்டோக் என்னும் அலகில் 6.9 முதல் 9.3 வரை இருந்தால் அது 20 கிரேடு, 9.3 முதல் 12.5 வரை 30, 12.5 முதல் 16.3 வரை 40. இவை புள்ளிகள் அல்ல, பட்டைகள் என்பதை மறக்கக் கூடாது: 9.2 உள்ள ஒரு 20 கிரேடும் 9.5 உள்ள ஒரு 30 கிரேடும் ஏறக்குறைய ஒரே ஆயில்தான், கேனில் மட்டும் வேறு வேறு எண்களைச் சுமக்கின்றன. இதைவிட முக்கியமான இன்னோர் அளவு 150 டிகிரியில், பேரிங்குக்குள் நிகழ்வதைப் போன்ற கடும் உராய்வு வேகத்தில் எடுக்கப்படுகிறது. அதில் 20 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.6, 30 கிரேடுக்கு 2.9, 10டபிள்யூ-40 வரையிலான 40 கிரேடுக்கு 3.5, 15டபிள்யூ-40 மற்றும் 20டபிள்யூ-40 ஆயில்களுக்கு 3.7 சென்டிபாய்ஸ் (இந்தச் சோதனைக்கான பாகுநிலை அலகு) இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கும் படலத்தின் தடிமனை இந்த எண்தான் பெருமளவு முடிவுசெய்கிறது.

இனி வெயில் என்ற வாதத்துக்கு வருவோம். ஒரு வழக்கமான 0டபிள்யூ-20 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் ஏறக்குறைய 45 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் அது எட்டு எட்டரையாகக் குறைந்துவிடும். அதாவது அக்னி நட்சத்திரத்தின் நடுப்பகலில், வெட்டவெளியில் நிறுத்திய காரை ஸ்டார்ட் செய்யும்போதும், அந்த ‘தண்ணி’ ஆயில் எஞ்சினுக்குத் தேவையானதைவிட ஐந்து மடங்கு கெட்டியாகத்தான் இருக்கிறது. அதே நேரத்தில் 20டபிள்யூ-40 ஆயில் 120 சென்டிஸ்டோக்கைத் தாண்டியிருக்கும். எஞ்சின் சூடேறிய பிறகோ தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன. சாதாரண ஓட்டத்தில் ஆயிலின் வெப்பம் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்பதைவிட, வண்டியில் எத்தனை பேர், எந்த ஏற்றம், எந்தக் கியர் என்பவைதான் அந்த எண்ணை நகர்த்துகின்றன. வெயிலுக்குக் கெட்டி ஆயில் என்ற வாதம் இந்த இடத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது.

பெரும்பகுதிதான், முழுவதும் அல்ல. ஆயில் படலத்தின் தடிமன் பாகுநிலையோடும் சுழலும் வேகத்தோடும் கூடுகிறது, சுமையோடு குறைகிறது. ஐந்து பேரையும் அவர்களது மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஏசியும் ஓட, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரிலேயே இழுத்து ஏறும் காரில் சுழற்சி வேகம் குறைவு, சுமை அதிகம், முகப்பில் மோதும் காற்றும் குறைவு. 20 கிரேடுக்கும் 30 கிரேடுக்கும் இடையிலான வேறுபாடு எஞ்சினுக்குத் தெரியும் தருணங்களில் இது ஒன்று.

ஆக, 0டபிள்யூ-20க்கும் 5டபிள்யூ-30க்கும் இடையே தேர்வு எப்படி அமையும்? எரிபொருள் கணக்கில் மெல்லிய ஆயிலுக்கே வெற்றி, ஆனால் சிறிய வெற்றி. 5டபிள்யூ-30 பரிந்துரைக்கப்பட்ட எஞ்சினில் 10டபிள்யூ-30 ஊற்றினால் மைலேஜ் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறையலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி சொல்கிறது. நம் ஒப்பீட்டுக்கும் அதே அளவை எடுத்துக்கொண்டால், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும்போது மிச்சமாவது 7 முதல் 13 லிட்டர் பெட்ரோல். தனி ஒருவருக்கு இது பெரிய தொகை அல்ல; ஆனால் விற்கும் எல்லாக் கார்களின் சராசரிக் கரியமில வாயு உமிழ்வை ஒரு வரம்புக்குள் வைத்தாக வேண்டிய தயாரிப்பாளருக்கு ஒவ்வொரு விழுக்காடும் பொன். இந்தியாவில் அந்த வரம்பு 2017-18இல் கிலோமீட்டருக்கு 130 கிராமாகத் தொடங்கி 2022-23இல் 113 கிராமாக இறுகியது. கையேட்டில் மெல்லிய கிரேடு முதலிடம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இதைக் காட்டி ‘கம்பெனிக்கு மைலேஜ்தான் முக்கியம், உங்கள் எஞ்சின் அல்ல’ என்று வாதிடுவோர் உண்டு. அது அரை உண்மை. டொயோட்டாவின் கரோலாவில் வந்த 2இசட்ஆர்-எஃப்இ எஞ்சினுக்கு அமெரிக்கக் கையேடு 0டபிள்யூ-20ஐ முன்வைத்தபோது, பிற சந்தைகளுக்கான கையேடுகள் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30, ஏன் 15டபிள்யூ-40ஐக்கூட அனுமதித்தன. மெல்லிய ஆயிலுக்கென்றே இடைவெளிகள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட எஞ்சினில் வேறு எதை ஊற்றினாலும் நாசம் என்ற எதிர்த்தரப்பு அச்சமும் இதனால் அடிபடுகிறது. அதிவேகத்திலும் மிகுந்த சுமையிலும் ஓடும் வண்டிக்கு உயர்ந்த பாகுநிலை பொருத்தமாக இருக்கலாம் என்று அதே நிறுவனத்தின் கையேடுகளே குறிப்பிடுகின்றன. என் கருத்தில், கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது என்றால் நகருக்குள் அலுவலகம், பள்ளி என்று நிதானமாக ஓடும் காருக்கு 0டபிள்யூ-20. மாதந்தோறும் நான்குவழிச் சாலையில் நூறைத் தாண்டிச் செல்லும், மலை ஏறும், டர்போ உள்ள காருக்கு 5டபிள்யூ-30. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறிப்பாகச் சூடேறுவதற்குள் அணைக்கப்படும் குறும்பயணங்களில், பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலப்பதுண்டு. 30 ஆகத் தொடங்கிய ஆயில் நாளடைவில் 20 ஆக இறங்கினாலும் கையிருப்பு மிஞ்சும், 20 ஆகத் தொடங்கியதற்கு அந்த வசதி குறைவு. கையேடு ஒரே கிரேடை மட்டும் சொல்லி, வாரண்டியும் நடப்பில் இருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆகியவை அடுத்த படி. சில ஐரோப்பிய டர்போ எஞ்சின்களுக்கு 40 கிரேடே கையேட்டின் முதல் பரிந்துரை. மற்றபடி லட்சம் கிலோமீட்டரைக் கடந்து, ஆயிலைக் குடிக்கத் தொடங்கிய பழைய எஞ்சினில் 30-இலிருந்து 40-க்கு மாறுவது நியாயமான முயற்சி. குடிப்பது சற்றுக் குறையலாம், தேய்ந்த ரிங் சரியாகிவிடாது.

20டபிள்யூ-40 வேறு கதை. புதிய பெட்ரோல் எஞ்சினில் அதை ஊற்றும்போது ஸ்டார்ட் ஆனவுடன் பம்ப் தள்ளும் கெட்டி ஆயிலில் ஒரு பங்கு, அழுத்தம் எல்லை மீறுவதால் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பிவிடுகிறது. அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தாலும் மேலே கேம்ஷாஃப்டுக்குப் போய்ச் சேரும் அளவு குறைகிறது. வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தைக் கொண்டே மாற்றும் அமைப்புள்ள எஞ்சின்களில் அதன் வேகமும் மந்தமாகும். ஷெட்டில் டிப்ஸ்டிக்கை உருவி, இரண்டு விரல்களுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்துப் பார்த்து, ‘கனமே இல்லை’ என்று தீர்ப்புச் சொல்வார்கள். இப்போதுதான் அணைத்த எஞ்சினிலிருந்து வரும் 20 கிரேடு ஆயில் குச்சியின் நுனியிலிருந்து மோர்போலச் சொட்டத்தான் செய்யும். அப்படித்தான் அது இருக்க வேண்டும். 150 டிகிரியில் பேரிங்குக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை விரல் சொல்லாது. டிப்ஸ்டிக்கில் பார்க்க வேண்டியது அளவையும் பெட்ரோல் வாடையையும்தான்.

எண் ஒன்றாக இருப்பதாலேயே ஆயில் ஒன்று என்றும் ஆகிவிடாது. ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. தரத்தில் சி2 என்று குறித்த 5டபிள்யூ-30க்கு 150 டிகிரி சோதனையில் 2.9 போதும்; சி3 என்று குறித்த 5டபிள்யூ-30 குறைந்தது 3.5 காட்ட வேண்டும், அதாவது படலத்தின் வலுவில் அது ஒரு 10டபிள்யூ-40க்குச் சமம். பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருப்போர் கிரேடைவிட இந்த எழுத்துகளையே முதலில் பார்க்க வேண்டும், ஏனெனில் சி வகை ஆயில்களில் சாம்பல் குறைவு. சாம்பல் மிகுந்த ஆயில் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டியை மெல்ல அடைத்துவிடும்.

இருசக்கர வண்டியில் இந்தக் கணக்குகள் பாதிதான் செல்லும். பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் ஊறுகின்றன. கியர் பற்கள், சூட்டில் ஆயில் அதிகம் இளகாமல் காக்கும் பாலிமரை நசுக்கிப் பாகுநிலையைக் குறைக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 350க்கு 15டபிள்யூ-50 என்றும் ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்றும் கையேடுகள் விலகி நிற்பது எஞ்சின் வடிவமைப்பால்தான், இரண்டும் ஓடுவது அதே வெயிலில். கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால், அதில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் கிளட்ச் தட்டுகளை வழுக்க வைக்கலாம். கேனில் ஜாசோ என்னும் ஜப்பானியத் தரநிலையின் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆக்டிவா போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால், அவற்றுக்கு உராய்வு குறைந்த, ஜாசோவின் எம்.பி. வகை 10டபிள்யூ-30 ஆயிலே உரியது.