ஊட்டியில் அறைகளா, கோத்தகிரியில் தனி வீடா?

இந்தக் கோடை விடுமுறைக்கு நீலகிரி என்று முடிவானதும், எங்கள் குடும்பமும் இரண்டு நண்பர் குடும்பங்களுமாக 12 பேர் எங்கே தங்குவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகளே எஞ்சின. ஒன்று, ஊட்டி நகருக்குள் ஒரு விடுதியில் நான்கு அறைகள்; மற்றொன்று, கோத்தகிரிக்கு அருகில் சமையலறையுடன் கூடிய ஒரு முழு வீடு. நாங்கள் கோத்தகிரியைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்த ஆண்டும் அதையே தேர்ந்தெடுப்பேன் என்பதால், என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊட்டியின் சாதகங்கள் எல்லோரும் அறிந்தவை. 1848இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா, படகு இல்லம், மார்க்கெட் எல்லாம் நகருக்குள்ளேயே இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை ரயில் குன்னூர் வழியாக அங்கேதான் சென்று சேர்கிறது; கோத்தகிரிக்குத் தண்டவாளமே கிடையாது. மே மாத மலர்க் கண்காட்சிக்காகவே செல்பவர்கள் தயங்காமல் ஊட்டியில் தங்கலாம், ஏனெனில் கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் என்பது சீசன் நெரிசலில் பாதி நாளை விழுங்கிவிடும்.

வாடகையில் பெரிய வேறுபாடு இல்லை. நாங்கள் விசாரித்த வரையில் நான்கு அறைகளுக்கான தொகையும் முழு வீட்டுக்கான தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. உண்மையில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது அடுப்புதான்.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 120 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 12 பேர் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 4,320 ரூபாய் ஆகிறது. குளிருக்கு அடிக்கடி கேட்கத் தோன்றும் தேநீரும், பிள்ளைகளின் மாலைத் தின்பண்டங்களும் இதில் சேரவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு நேரம்: மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊட்டியில் 12 பேருக்கு ஒன்றாக இடம் கிடைக்கும் ஓட்டலைத் தேடி அலைவது, அதுவும் சர்க்கரை நோயுள்ள மாமனாரையும் பசி தாங்காத பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அலைவது, எந்தக் கணக்கிலும் வராத செலவு. வீட்டிலோ, அரிசி, பருப்பு, பொடி வகைகளை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு சென்றோம். கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் அந்த மலையிலேயே விளைபவை என்பதால் கோத்தகிரி கடைவீதியில் அன்றன்றைக்கு வாங்கிக்கொண்டோம். சாப்பாட்டுச் செலவு ஓட்டல் கணக்கில் பாதியைக்கூட எட்டவில்லை.

மலையில் சமைப்பதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் குழையாது, எரிவாயுதான் வீணாகும். ஆகவே பெரிய குக்கர் ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. இட்லி மாவு இன்னொரு சிக்கல். எங்கள் சித்தி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேடையில் வைத்தும், விடிந்தபோது மாவு வைத்த அளவிலேயே இருந்தது. அதைத் தோசையாக வார்த்துச் சமாளித்தோம். மறுநாளிலிருந்து காலைக்கு உப்புமாவும் சப்பாத்தியும்தான்.

சமையலறை இருந்தால் பெண்களுக்கு ஏது விடுமுறை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலைச் சிற்றுண்டியும் பாத்திரம் கழுவுவதும் ஆண்களின் பொறுப்பு என்று புறப்படும் முன்பே பேசி முடித்துக்கொண்டோம். அதற்கு உடன்படாத குடும்பங்கள் ஓட்டலுக்கே செலவழிக்கலாம். அது மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்.

போக்குவரத்தில் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான விதிகளே உள்ளன. 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர் தொலைவுதான் என்பதால் நாங்கள் பேருந்திலேயே ஏறினோம். கோடநாடு காட்சிமுனைக்கும் கேத்தரின் நீர்வீழ்ச்சிக்கும் மட்டும் ஒரு நாள் உள்ளூர் வேன் வைத்துக்கொண்டோம். ஊட்டி நகரை உருவாக்கிய ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவனின் பழைய வீடு இருக்கும் கன்னேரிமுக்குக்கும் அதே வேனில் சென்று வரலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், எங்கே தங்கினாலும் ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் அவசியம்.

கோத்தகிரியின் குறையையும் மறைக்கக் கூடாது. மாலை ஏழு மணிக்கு மேல் அங்கே வேடிக்கை பார்க்க எதுவும் இல்லை. கரடியும் காட்டு மாடும் நடமாடும் பகுதி என்பதால் இருட்டிய பின் வெளியே உலாவவும் இயலாது, மீந்த உணவை வாசலில் வைக்கவும் கூடாது. கல்லூரிப் பிள்ளைகள் நிறைந்த கூட்டத்துக்கு இது அலுப்பாக இருக்கக்கூடும். கணவன் மனைவி இருவர் மட்டும் செல்வதானால் என் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்காக ஒரு முழு வீட்டை எடுப்பதைவிட ஊட்டியில் ஓர் அறையே மலிவாக இருக்கும். கொடைக்கானலுக்குப் பகலில் சென்று திரும்பியிருக்கிறேனே தவிரத் தங்கியதில்லை என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

வீட்டை முன்பதிவு செய்யும் முன் உரிமையாளரிடம் சிலவற்றைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும்: தங்கும் விடுதியாக நடத்த அனுமதி பெற்றிருக்கிறாரா, சிலிண்டர் வாடகையில் அடங்குமா, தலைக்கு இவ்வளவு என்று பின்னால் கூடுதலாகக் கேட்பாரா, வண்டி நிற்கும் சாலையிலிருந்து வாசலுக்கு எத்தனை படிகள் என்பவை அவை. மலைச்சரிவு வீடுகளில் படிகள் புகைப்படத்தில் தெரிவதில்லை; முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் உடன் வருவதானால் இந்தக் கடைசிக் கேள்வியை முதலில் கேளுங்கள்.