ஹாஸ்கெல் எழுத டெபியனா, நிக்ஸ்ஓஎஸ்ஸா?

ஹாஸ்கெல், ஃபங்ஷன்களை அடிப்படையாகக் கொண்ட (ஃபங்ஷனல்) புரோகிராமிங் மொழி. டெபியன், நிக்ஸ்ஓஎஸ் இரண்டும் லினக்ஸ் வகைகள்.

தொடங்குவது
டெபியன்: எளிது. கம்பைலர்தான் பழசு, 2023இல் வந்த டெபியன் 12இல் ஜிஹெச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) 9.0.2. அதனால் என்ன, கம்பைலரை இறக்கித் தரும் ஜிஹெச்சிஅப் என்ற கருவியைப் போட்டால் வேண்டிய பதிப்பு ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இறங்கிவிடும்.
நிக்ஸ்ஓஎஸ்: முதல் வாரம் தலைவலி. கணினி அமைப்பு முழுவதையும் கோப்பில் எழுத வேண்டும், அதுவும் நிக்ஸ் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியில்! வெளியிலிருந்து இறக்கிய பைனரி (ஏற்கெனவே கம்பைல் செய்த புரோகிராம்) பெரும்பாலும் அப்படியே ஓடாது.

பல புராஜெக்ட்
இங்கே நிக்ஸ்ஓஎஸ்தான் ராஜா. ஒன்றுக்கு ஜிஹெச்சி 9.4, இன்னொன்றுக்கு 9.8, மோதிக்கொள்ளாது. அப்டேட் சொதப்பினால் பூட் மெனுவில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

டிஸ்க்
நிக்ஸ்ஓஎஸ் கிகாபைட் கணக்கில் விழுங்கும்.

மொழியை இப்போதுதான் கற்கிறீர்களா? டெபியன். குழுவில் எல்லோருக்கும் ஒரே சூழல் வேண்டுமென்றால் நிக்ஸ்ஓஎஸ். டெபியன் மேலேயே நிக்ஸ் பேக்கேஜ் மேனேஜரை (மென்பொருள்களை நிறுவித் தரும் கருவி) மட்டும் போட்டுக்கொள்ளவும் முடியும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.