ஆண்களுக்கு ஒருபக்க இடுப்பு வலி: சதையா, கல்லா, நரம்பா?

பிறையில் லோரி ஓட்டுபவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், தினமும் மோட்டாரில் பினாங்குப் பாலத்தைக் கடப்பவர் என்று யாருக்கு இடுப்பு ஒருபக்கமாகப் பிடித்தாலும் நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வாயுப் பிடிப்புண்ணே, ரெண்டு உருவு உருவினா சரியாயிடும்." பல சமயம் சரியாகவும் போய்விடுகிறது. ஒருபக்க வலிக்கு ரொம்பச் சாதாரணமான காரணம் சதைப்பிடிப்புதான். ஆனால் அதே இடத்தில் வலிக்கிற வேறு சங்கதிகளும் உண்டு. அவற்றை உருவி எடுக்க முடியாது.

அதிகம் குழப்புவது சதைப்பிடிப்பும் சிறுநீரகக் கல்லும். சதை பிடித்தவர் அசையவே பயப்படுவார். குனிந்தால், திரும்பினால், இருமினால் சுளீர் என்று வலிக்கும். ஒரு வாகாகப் படுத்துவிட்டால் வலி அடங்கும். விரலால் அழுத்தினால் "இங்கேதான்" என்று இடத்தைக் காட்டவும் முடியும். முந்தின நாள் எரிவாயுத் தோம்பைத் தூக்கினேன், சாமான் இறக்கினேன் என்று பெரும்பாலும் ஒரு காரணமும் இருக்கும்.

கல் வலிக்காரர் இதற்கு நேர்மாறு. அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. உட்காருவார், எழுவார், நடப்பார், தரையில் படுத்துப் புரளுவார். எப்படி இருந்தாலும் வலி ஒன்றுதான். பெல்ட் கட்டும் இடத்துக்கு மேலே, விலா முடிகிற இடத்தில் ஆரம்பித்து, முன்பக்கமாக இறங்கி அடிவயிறு, தொடையிடுக்கு, விதைப்பை வரை வரும். அலை அலையாக ஏறி இறங்கும். குமட்டல், வாந்தி, வியர்வை சேர்ந்துகொள்ளும். சிறுநீர் சிவந்தோ தேநீர் நிறத்திலோ போகலாம். நிறம் மாறவில்லை என்பதற்காகக் கல் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

இன்னொரு இடத்திலும் ஏமாந்துவிடக் கூடாது. கிளினிக்கில் வலி ஊசி போட்டதும் நின்றுவிட்டது, அதனால் சதைதான் என்பார்கள். டைக்ளோஃபினாக் போன்ற மருந்துகள் கல் வலியையும் நன்றாகவே அடக்கும். வலி நின்றதை வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சிறுநீர்ச் சோதனை கேட்டு வாங்குங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்திலேயே மருத்துவரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். சில வகைக் கற்கள், குறிப்பாக யூரிக் அமிலக் கல், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. இனிப்பு நீர் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை ஃபார்மசியில் தாங்களாகவே வாங்கிப் போட வேண்டாம்.

5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். நம் ஊர் வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்து, பகல் முழுவதும் தே தாரிக்கிலேயே ஓட்டுகிறவர்களுக்கு இது திரும்பவும் வரலாம். சிறுநீர் வெளிர் நிறத்தில், நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நரம்பு. முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்தினால் வலி இடுப்பிலேயே நிற்காது. புட்டம், தொடையின் பின்பக்கம் வழியாக முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இறங்கும், கூடவே மரத்துப்போகும். கல் முன்பக்கம் இறங்கும், நரம்பு காலுக்கு இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதிலும் பலர் சில வாரங்களில் அறுவை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். கட்டிலே கதியென்று கிடப்பதைவிட முடிந்த அளவு நடமாடுவதுதான் நல்லது.

ஆண்களிடம் மட்டும் ஒரு கேள்வி: பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்துக்கொண்டா ஓட்டுகிறீர்கள்? அடையாள அட்டை, லைசென்ஸ், ரசீது, சில்லறை என்று உப்பிப்போன பர்ஸ் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் ஒருபக்கப் புட்டத்தின் நரம்பு அழுந்தும். எடுத்து முன்னால் வைத்துவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். காசில்லாத வைத்தியம்.

இளவயதுக்காரருக்கு மாதக்கணக்கில் காலையில் விறைப்பும் வலியுமாக இருந்து, நடக்க நடக்கக் குறைந்தால் அது முதுகெலும்பு மூட்டு அழற்சியாக இருக்கலாம். வாத நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒருபக்கம் எரிச்சலாக வலித்து, சில நாளில் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் அதற்கு மாத்திரை ஆரம்பிப்பது நல்லது.

கோடாலித் தைலத்தைத் தேடக்கூடாத சமயங்களும் இருக்கின்றன. விலாவுக்குக் கீழே வலியோடு குளிர் காய்ச்சல் என்றால் சிறுநீரகத்தில் கிருமி. கல் அடைத்த இடத்தில் கிருமியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் நின்றுபோவது, மலம் அடக்க முடியாமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகியவை நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம். 60 வயது தாண்டிய, புகைபிடிக்கும் ஆணுக்குத் திடீரென்று முதல் முறையாகக் கல் வலி போல வந்து தலைசுற்றினால், வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். விதையில் திடீரென்று கடும் வலி என்றால், அது முறுக்கிக்கொண்டிருந்தால் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான். கூச்சத்துக்கு அங்கே இடமில்லை.

இதில் எதுவும் காலையில் கிளினிக் திறக்கும்வரை பொறுக்கிற விஷயமில்லை. 999ஐ அழையுங்கள், அல்லது யாரையாவது கார் ஓட்டச் சொல்லி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மோட்டாரில் தனியாகக் கிளம்ப வேண்டாம்.