எந்த ரீஃப்ரெஷ் புதிய பக்கத்தைத் தரும்?

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்துவிட்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் பலருக்கு ஒரே வேலைதான்: ரேடார் படத்தைத் திறந்து ரீஃப்ரெஷ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவிலும் அதுதான் நடந்தது. அழுத்தினால் புதிய படம் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதில் ஆபத்தானது. ரீஃப்ரெஷில் வகைகள் உண்டு. பிரவுசருக்குப் பிரவுசர் அவை மாறுபடவும் செய்யும்.

முதலில் சாதாரண ரீஃப்ரெஷ், அதாவது எஃப் 5 அல்லது கன்ட்ரோல்-ஆர். ஒருமுறை இறக்கிய படம், ஸ்கிரிப்ட் (பக்கத்தை இயக்கும் நிரல்), ஸ்டைல் கோப்பு (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்வது) எல்லாவற்றையும் பிரவுசர் கேச் எனும் தன் சேமிப்பிடத்தில் வைத்துக்கொள்கிறது. எஃப் 5 அழுத்தியதும், "என்னிடம் உள்ள பிரதிக்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று சர்வரிடம், அதாவது தளம் இயங்கும் கணினியிடம், கேட்கிறது. மாறவில்லை என்றால் 304 என்ற பதில் மட்டும் வரும், கோப்பு வராது. மாறியிருந்தால் 200 என்ற பதிலோடு முழுக் கோப்பும் இறங்கும். மழை இரவில் சிக்னல் தள்ளாடும்போது இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது.

இந்தக் கேள்வியை எத்தனை கோப்புகளுக்குக் கேட்பது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. குரோம் 54ஆம் பதிப்பிலிருந்து பக்கத்தின் முதன்மைக் கோப்புக்கு (முகவரிப் பட்டையில் இருக்கும் கோப்பு) மட்டுமே கேட்கிறது. உள்ளே இருக்கும் படங்கள் காலாவதியாகாதவரை கேச்சிலிருந்தே அவற்றை எடுத்துக்கொள்கிறது. இதனால் சர்வருக்குப் போகும் கேள்விகள் 60 சதவீதம் குறைந்தன, ரீஃப்ரெஷ் 28 சதவீதம் வேகமானது என்று கூகுள் 2017 ஜனவரியில் அறிவித்தது.

வேகம் சரி, ரேடார் படத்துக்கு அதுவே வினையாகலாம். ஒரு தளம் தன் படங்களுக்கெல்லாம் "ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம்" என்று மொத்தமாக அனுமதி கொடுத்துவிட்டு, ரேடார் படத்தை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கோப்புப் பெயரில் மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோமில் எஃப் 5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்படும், மேகம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். எஃப் 12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து மறுபடி ரீஃப்ரெஷ் செய்தால் குட்டு வெளிப்படும்: அந்தப் படத்துக்கு நேரே, அளவு காட்டும் இடத்தில் மெமரி கேச் அல்லது டிஸ்க் கேச் என்று இருக்கும். படத்தை மட்டும் தனி டேபில் திறந்து அங்கே எஃப் 5 அழுத்துங்கள். அப்போது படமே முதன்மைக் கோப்பாகிவிடுவதால், குரோம் சர்வரைக் கேட்டே தீர வேண்டும். புயல் காலத்தில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

சர்வருக்குப் போகும் வீண் கேள்விகளைக் குறைக்க ஃபயர்ஃபாக்ஸ் 2016இல் 49ஆம் பதிப்பில் வேறு வழி கண்டது. "இந்தக் கோப்பு மாறவே மாறாது" என்று தளமே அறிவித்தால், ரீஃப்ரெஷ் செய்தாலும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சஃபாரியும் இதை ஏற்றுக்கொண்டது, குரோம் ஏற்கவில்லை. என் கட்சி ஃபயர்ஃபாக்ஸ்தான். எது மாறும், எது மாறாது என்பது தளத்தை நடத்துபவருக்குத்தானே தெரியும்?

இன்னொன்றிலும் ஃபயர்ஃபாக்ஸ் எனக்கு நெருக்கம். படிவத்தில் பெயர், முகவரி என்று பாதி நிரப்பிய நிலையில் கை தவறி எஃப் 5 பட்டுவிட்டால், தட்டச்சு செய்ததைப் பெரும்பாலும் காப்பாற்றிக் கொடுக்கும். குரோம் பொதுவாக வெற்றுப் படிவத்தை நீட்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாளெல்லாம் விண்ணப்பம் நிரப்பும் பிரவுசிங் சென்டர்காரருக்கு 28 சதவீத வேகத்தைவிட இது பெரிது.

அடுத்தது கடின ரீஃப்ரெஷ். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர், மேக்கில் சஃபாரி என்றால் ஆப்ஷன்-கமாண்ட்-ஆர். கேச்சைத் திரும்பிப் பார்க்காமல் எல்லாவற்றையும் சர்வரிலிருந்தே இறக்கும். நம்பகமானது, ஆனால் டேட்டா தின்னும். ஒரு ஓட்டையும் உண்டு: பக்கம் திறந்து முடிந்த பிறகு ஸ்கிரிப்ட் இழுத்து வரும் படங்கள் அப்போதும் பழைய கேச்சிலிருந்து வரலாம். அதற்குக் குரோமில் எஃப் 12 பகுதி திறந்திருக்கும்போது ரீஃப்ரெஷ் பொத்தானில் வலது கிளிக் செய்தால், கேச்சைக் காலி செய்து ஏற்றும் தேர்வு கிடைக்கும்.

எதற்கெடுத்தாலும் "ஹிஸ்டரி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் சார்" என்பது சென்டர்களில் கேட்கும் வைத்தியம். பக்கம் பழையதாகத் தெரிகிறது என்பதற்காக இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. குரோமின் அந்தப் பெட்டியில் ஹிஸ்டரி, குக்கி (லாகினை நினைவில் வைக்கும் சிறு கோப்பு), கேச் மூன்றும் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும். எல்லாக் காலத்தையும் தேர்ந்தெடுத்து அப்படியே அழுத்தினால் லாகின் செய்திருந்த பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேறி, ஓடிபிக்காக மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். கேச்சை மட்டும் டிக் செய்தால் போதும். பொதுக் கணினி என்றால் கதை வேறு, அங்கே கிளம்பும்போது மூன்றையும் அழிப்பதுதான் நல்லது.

கட்டணம் செலுத்திய பக்கத்தில் மட்டும் எந்த வகை ரீஃப்ரெஷும் வேண்டாம். "படிவத்தை மறுபடி அனுப்பவா?" என்று பிரவுசர் எச்சரித்தால், அதே கோரிக்கை இரண்டாம் முறை சர்வருக்குப் போகப்போகிறது என்று பொருள். எச்சரிக்கையை மூடிவிட்டு, வேறு டேபில் பரிவர்த்தனைப் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஆண்ட்ராய்டு கைபேசியில் குரோம் பக்கத்தைக் கீழே இழுத்துவிடுவது சாதாரண ரீஃப்ரெஷ்தான், கடின ரீஃப்ரெஷுக்கு அங்கே பொத்தான் கிடையாது. அதற்குப் பதிலாக, மறைநிலை (இன்காக்னிட்டோ) டேப்கள் ஏற்கெனவே இருந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, அதே பக்கத்தைப் புதிதாகத் திறந்த மறைநிலை டேபில் பாருங்கள். அங்கே பழைய கேச் எதுவும் இருக்காது, வழக்கமான டேபில் உள்ள லாகினுக்கும் பாதிப்பு வராது.